வீட்டுப் பெரியவரை ஞாபகப் பரிசோதனைக்கு முதல்முறை அழைத்துப் போகிறீர்களா?

என் மாமனார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முதல்முறை ஞாபகப் பரிசோதனை செய்தபோது 30க்கு 27 வாங்கினார். "நீங்க என்னைவிடத் தெளிவா இருக்கீங்க சார்" என்று டாக்டரே சிரித்தார். ஒன்றரை வருடம் கழித்து அவருக்கு அல்சைமர் என்று உறுதியானது.

என் அம்மா மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். அதே தாளில் 19 வாங்கினார். வீடே இடிந்துபோனது. ஆறு வருடம் ஓடிவிட்டது. இன்றும் சீட்டுக் கணக்கு, பால் கணக்கு, யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய் எழுதினோம் என்பதெல்லாம் அம்மா வாயில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு எந்த நோயும் இல்லை.

இரண்டு பேரையும் அழைத்துப் போனவன் நான்தான். எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று தெரியாமலே இரண்டு முறையும் போய் உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் அந்த நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில் பல மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன். அங்கே கற்றுக்கொண்டதை, முதல்முறை போகிறவர்களுக்காக வரிசையாகச் சொல்கிறேன்.

போவதற்கு முன்: இது என்ன பரிசோதனை?

இதை ஸ்கிரீனிங் என்பார்கள், அதாவது சலிப்பது. சல்லடையில் தங்கியதெல்லாம் கல் இல்லை, கீழே விழுந்ததெல்லாம் மாவும் இல்லை. பத்து நிமிடத்தில் சில கேள்விகள் கேட்டு, "இவரை இன்னும் விவரமாகப் பார்க்க வேண்டுமா?" என்று முடிவு செய்ய மட்டுமே இது உதவும். டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசனையும் தேய்ந்துபோகும் நிலை (அல்சைமர் அதில் ஒரு வகை), உண்டா இல்லையா என்று இந்தத் தாள் சொல்லாது.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 2023இல் வெளியான லாசி-டேட் என்ற தேசிய முதியோர் ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது. ஆள் கணக்கில் சுமார் 88 லட்சம் பேர். ஒரு தெருவில் 60 தாண்டியவர்கள் 100 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 7 பேருக்கு நோய். நம்மிடம் இருப்பது நல்ல சல்லடைதான்: அந்த 7 பேரில் 6 பேரைப் பிடித்துவிடும், நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு 15 பேரைத் தவறாகப் பிடிக்கும். மீதி 93 பேரில் அப்படி 14 பேர் மாட்டுவார்கள். மொத்தம் மாட்டியது 20 பேர், உண்மையில் நோய் உள்ளவர்கள் 6 பேர்தான். சல்லடையின் எண்கள் நான் கணக்குக்காக வைத்துக்கொண்டவை. ஆனால் கணக்கின் போக்கு உண்மை.

அதனால்தான் எந்தக் குறையும் தெரியாத முதியவர்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி இதைச் செய்ய வேண்டுமா என்பதில் மருத்துவ உலகிலேயே ஒருமித்த கருத்து இல்லை. அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு 2020இல் இதை ஆராய்ந்து, செய்யச் சொல்லவோ வேண்டாம் என்று சொல்லவோ போதிய ஆதாரம் இல்லை என்றது. வீட்டில் யாராவது ஒருவர் ஏதோ ஒரு மாற்றத்தைக் கவனித்திருந்தால் கதை வேறு. அப்போது தள்ளிப்போடாதீர்கள். "வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று நாங்கள் மாமாவின் விஷயத்தில் தள்ளிப்போட்டது எட்டு மாதம்.

முதல் படி: இரண்டு வாரம் நோட்டு எழுதுங்கள்

டாக்டரைப் பார்க்கப் போகும்போது கொண்டுபோக வேண்டிய முக்கியமான பொருள் இதுதான். ஸ்கேன்கூட இதற்கு அப்புறம்தான். அறைக்குள் பத்து நிமிடம் உட்காருகிறவரின் ஐந்து வருடத்துக்கு முந்தைய நிலை உங்களுக்குத்தான் தெரியும், டாக்டருக்குத் தெரியாது.

எதை எழுதுவது? செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான ஏ.டி.8 என்று எட்டுக் கேள்விக் குறும்பட்டியல் ஒன்று இருக்கிறது. பெரியவரைக் கேட்பதற்குப் பதிலாக, அவரோடு இருப்பவரைக் கேட்பது இதன் வசதி. அதைத் தழுவி நம் வீட்டுப் பாஷையில் இப்படிக் கேட்டுக்கொள்ளலாம். பணம் கொடுக்கல் வாங்கலில் முன்பு செய்யாத தப்பு செய்கிறாரா? பிடித்த வேலையில், பொழுதுபோக்கில் நாட்டம் போய்விட்டதா? ஒரே கேள்வியை, ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்கிறாரா? புது ரிமோட், புது போன் பழகத் திணறுகிறாரா? எந்த மாதம், எந்த வருடம் என்பதே குழம்புகிறதா? பாங்க், பென்ஷன், கரண்டு பில் மாதிரி விஷயங்களை முன்போல் கையாள முடியாமல் திணறுகிறாரா? யாரையாவது பார்க்கப் போவதாகச் சொன்ன நாளை மறக்கிறாரா? ஞாபகத்திலோ யோசனையிலோ தினமும் ஏதாவது சிக்கல் இருக்கிறதா?

இரண்டு அல்லது அதற்கு மேல் "ஆமாம், மாறியிருக்கிறது" என்று வந்தால் விவரமாகப் பார்க்க வேண்டும் என்பது அந்தப் பட்டியலின் கணக்கு. இதில் "மாறியிருக்கிறது" என்ற சொல்லைக் கவனியுங்கள். என் அம்மாவுக்கு ஏ.டி.எம். பயன்படுத்தத் தெரியாது. ஆனால் அது எப்போதுமே தெரியாது, அதனால் அது கணக்கில் சேராது. மாமாவுக்கு ரிமோட்டில் சேனல் மாற்றத் தெரியாமல் போனது. முன்பு எங்களுக்கே சொல்லிக்கொடுத்தவர் அவர். அது கணக்கில் சேரும். முட்டி வலியால் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தால் அது சேராது.

தேதி போட்டு எழுதுங்கள். "ரொம்ப மறக்கிறார்" என்று எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. "12ஆம் தேதி, காலை மாத்திரையை இரண்டு முறை போட்டார். 15ஆம் தேதி, நாற்பது வருடமாகப் போகும் மளிகைக் கடையிலிருந்து வீடு திரும்ப வழி தெரியாமல் நின்றார்" என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்காருவார்.

மறதியை மட்டும் எழுதாதீர்கள். சாதுவாக இருந்தவர் கூச்சமில்லாமல் பேசுவது, இல்லாத குழந்தையோ நாயோ அறையில் தெரிவதாகச் சொல்வது, தூக்கத்தில் கனவோடு சேர்ந்து கை கால் உதறுவது, ஒரு நாள் தெளிவும் மறுநாள் குழப்பமுமாக இருப்பது ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். டிமென்ஷியாவில் பல வகை உண்டு. சில வகைகளில் ஞாபகம் கடைசியில்தான் போகும், குணம் முதலில் மாறும். அப்படிப்பட்டவர் ஞாபகத் தாளில் நல்ல மார்க் வாங்கிவிட்டு வெளியே வருவார்.

இரண்டாம் படி: கண், காது, வயிறு, மாத்திரை

அம்மாவின் 19க்குப் பின்னால் ஒரு கூத்து இருக்கிறது. ஒரு மருத்துவமனையில் காலையில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்தார்கள். அப்புறம் சாப்பிட விடாமலே, ஓ.பி. நடைபாதையில் பெஞ்சில் உட்காரவைத்து இந்தப் பரிசோதனையையும் முடித்துவிட்டார்கள். நடுநடுவே ஒலிபெருக்கியில் டோக்கன் எண். அம்மாவின் கண்ணாடி வீட்டு அலமாரியில். சர்க்கரைக்காரி, மணி பத்தரை. அந்த நிலைமையில் எனக்கே 19 வந்திருக்கும்.

ஆகவே: கண்ணாடியைப் பையில் வையுங்கள். காதுக் கருவி இருந்தால் பேட்டரி பாருங்கள். இல்லாவிட்டாலும் ஒருமுறை காதைக் காட்டிவிடுங்கள். வெறும் அழுக்கு அடைப்பாகவே இருக்கலாம், அம்மாவுக்கு அதுதான். காதில் விழாத சொல்லை யாராலும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாது. சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். ரத்தப் பரிசோதனையும் இதுவும் ஒரே காலையில் வேண்டாம்.

மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோங்கள். பெயர் எழுதிய சீட்டு போதாது, அட்டையே வேண்டும். தூக்கத்துக்குப் போடும் அல்பிரசோலம், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்கான ட்ரைஹெக்ஸிஃபெனிடில், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்ஸிபியூட்டினின், ஏன், மெடிக்கலில் கேட்டு வாங்கும் சளி மாத்திரையில் இருக்கும் குளோர்ஃபெனிரமின்கூட வயதானவர்களின் மூளையை மந்தமாக்கும். நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். தூக்க மாத்திரையைத் திடீரென நிறுத்துவது வேறு ஆபத்து.

பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டிய நேரமும் உண்டு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, அறுவைச் சிகிச்சை முடிந்த வாரம், வீட்டில் துக்கம் நடந்த மாதம் எல்லாம் அப்படிப்பட்டவைதான். நேற்றுவரை நன்றாக இருந்தவர் இன்று ராத்திரி ஆளே தெரியாமல் பேசினால் அதற்குப் பெயர் டிமென்ஷியா இல்லை, டெலிரியம். அதற்கு உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும், ஞாபகத் தாளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பெரியவரிடம் எப்படிச் சொல்வது? "கண் டாக்டர்கிட்ட போறோம்" என்று பொய் சொல்லி அழைத்துப் போனவர்களை எனக்குத் தெரியும். அங்கே போய் "இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்டதும் பெரியவர்கள் எழுந்து வந்துவிட்டார்கள். அடுத்த முறை கண் டாக்டரிடம்கூட வரவில்லை. "பி.பி., சர்க்கரை பாக்குற மாதிரி ஞாபகத்தையும் ஒருதடவை பாத்துக்கலாம்ப்பா" என்று நான் சொன்னது போதுமானதாக இருந்தது.

எங்கே போவது

நரம்பியல், மனநலம், முதியோர் நலம் ஆகிய மூன்று ஓ.பி.களில் எதுவானாலும் சரி. மனநலப் பிரிவு என்றதும் பின்வாங்காதீர்கள். இந்தப் பரிசோதனையைப் பொறுமையாகச் செய்ய அங்கேதான் பெரும்பாலும் ஆள் இருப்பார்கள். மருத்துவக் கல்லூரி உள்ள அரசு மருத்துவமனைகளில் இவற்றில் ஒன்றாவது இருக்கும். இந்தியாவின் முதல் முதியோர் நலப் பிரிவு 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில்தான் தொடங்கியது. 2024இல் கிண்டி கிங் நிலைய வளாகத்தில் முதியோருக்கென்றே தனி தேசிய மருத்துவமனை திறந்தார்கள். சென்னையில் ஸ்கார்ஃப் என்ற மனநலத் தொண்டு நிறுவனம் டெம்கேர்ஸ் என்ற பெயரில் டிமென்ஷியாவுக்கென்று தனிச் சேவை நடத்துகிறது. எங்கே போவதென்றே தெரியாவிட்டால் முதியோர் உதவி எண் 14567, மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் 14416.

மூன்றாம் படி: எந்தத் தாள் என்று கேளுங்கள்

வாட்ஸ்அப்பில் வரும் "இந்தப் படத்தில் எத்தனை புலி?" எல்லாம் இதில் சேராது. உண்மையில் புழங்கும் தாள்கள் நாலைந்துதான். பெயர் தெரிந்து வைத்துக்கொண்டால் மார்க்கைப் புரிந்துகொள்வது எளிது.

பழையது எம்.எம்.எஸ்.இ. 1975இல் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் வெளியிட்டது. மொத்தம் 30 மார்க். நாள், மாதம், வருடம், இடம் பற்றி 10. மூன்று சொல்லைக் கேட்டுத் திருப்பிச் சொல்ல 3, சற்று நேரம் கழித்து நினைவிலிருந்து சொல்ல 3. 100லிருந்து ஏழு ஏழாகக் கழிக்க 5. மீதி, பெயர் சொல்வது, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்வது, சொன்ன வேலையை வரிசையாகச் செய்வது, படிப்பது, எழுதுவது, ஒன்றோடொன்று பின்னிய இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரைவது. பொதுவாக 24க்குக் கீழே போனால் கவனம். கவனித்தீர்களா, ஞாபகத்துக்கு என்று உள்ளது நினைவிலிருந்து சொல்லும் அந்த 3 மார்க்தான். படித்தவரின் ஆரம்பக்கட்ட நோய் இதில் நழுவிப்போக இதுதான் காரணம்.

அந்த ஓட்டையை அடைக்க வந்தது மோக்கா. மாண்ட்ரியலில் ஜியாத் நஸ்ரெடின் உருவாக்கியது, 2005இல் முறையாக வெளியானது. இதற்கும் 30 மார்க்தான், ஆனால் கஷ்டமான தாள். மூன்று சொல்லுக்குப் பதில் ஐந்து. கனசதுரம் வரைய வேண்டும், எண்ணையும் எழுத்தையும் மாற்றி மாற்றிக் கோட்டால் இணைக்க வேண்டும். 26 வாங்கினால் சரி என்பது மூல அளவு. 12 வருடமோ அதற்குக் குறைவாகவோ படித்தவருக்கு ஒரு மார்க் கூட்டிக்கொள்வார்கள். மூன்றாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் சேர்த்து அந்த ஒரே மார்க்தான்! பள்ளிப்படிப்பு குறைந்தவர்களுக்கென்று மோக்கா பேசிக் என்று தனித் தாள் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள்.

மோக்காவில் ஒரு நிமிடத்தில் குறிப்பிட்ட எழுத்தில் தொடங்கும் சொற்களை அடுக்கச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அது நேரான கேள்வி. தமிழில் ஒரு "க" சொன்னால் கா, கி, கு எல்லாம் சேருமா சேராதா என்ற கேள்வி உடனே வரும். மாமா பரிசோதகரிடமே இலக்கணம் கேட்டுப் பாதி நிமிடத்தை விட்டார். தொடங்கும் முன்னே விதியைத் தெளிவாகச் சொல்லச் சொல்லுங்கள். விலங்குகளின் பெயரை அடுக்கச் சொல்வது நம் ஆட்களுக்குச் சுலபம். "வீட்டு மிருகமா, காட்டு மிருகமா?" என்று அம்மா கேட்டார். இரண்டும்தான்.

மூன்று நிமிடத்தில் முடிய வேண்டுமென்றால் மினி-காக். மூன்று சொல், ஒரு கடிகாரம், திரும்ப அதே மூன்று சொல். மொத்தம் 5 மார்க், 3க்குக் கீழே போனால் கவனம். இந்தக் கடிகாரம் வரைவது எனக்குப் பிடித்த பகுதி. வட்டத்துக்குள் எண்களை இட்டு, பதினொன்று பத்து மணி காட்டச் சொல்வார்கள். ஏன் அந்த நேரம்? பெரிய முள் "2" மேல் நிற்க வேண்டும். ஆனால் காதில் விழுந்தது "பத்து". யோசனையைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி தளர்ந்தவர் முள்ளை நேராக "10" மேல் வைத்துவிடுவார். எண்களை எல்லாம் ஒரே பக்கம் நெருக்கி எழுதுவதும் ஒரு துப்பு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: வாழ்நாளில் முள் கடிகாரம் பார்த்து மணி சொல்லிப் பழகாத, பேனா பிடித்தே இராத பாட்டிகள் நம் ஊரில் ஏராளம். அவர்களுக்கு இந்தத் தாள் பொருந்தாது.

பள்ளிக்கே போகாதவர்களுக்காக நம் நாட்டில் செய்த வேலை நிறைய. ஹரியானாவின் பல்லப்கரில் நடந்த இந்திய-அமெரிக்க ஆய்வுக்காக எம்.எம்.எஸ்.இ.யை மாற்றி இந்தி மனநிலைத் தாள் ஒன்றை 1995இல் வெளியிட்டார்கள். 100லிருந்து ஏழைக் கழிப்பதற்குப் பதில் 20லிருந்து மூன்றைக் கழிப்பது, கிழமைகளைப் பின்னாலிருந்து சொல்வது. "கண்ணை மூடு" என்று எழுதியதைப் படித்துச் செய்வதற்குப் பதில், பரிசோதகர் செய்வதைப் பார்த்து அப்படியே செய்வது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் நம் மக்களுக்காகவே, பெரியவருக்கு ஒன்று, உடனிருப்பவருக்கு ஒன்று என்று இரண்டு சிறு கருவிகள் உருவாக்கி 2009இல் வெளியிட்டார்கள். எல்லா மருத்துவமனையிலும் இவை கைக்கு எட்டாது. ஆனால் "படிக்காதவங்களுக்கான தாள் இருக்கா டாக்டர்?" என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

தாளை இணையத்தில் தேடி எடுத்து வீட்டில் பயிற்சி கொடுப்பதை மட்டும் செய்யாதீர்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்வீர்கள். ஆனால் சொற்கள் மனப்பாடமாகிவிட்டால் அந்தத் தாள் அவருக்கு இனி உதவாது.

நான்காம் படி: அறைக்குள்

அமைதியான அறை கேளுங்கள். கிடைக்காவிட்டால் காத்திருந்து மத்தியானம் போங்கள். பரிசோதகர் இளவயதுக்காரராக இருப்பார். எடுத்த எடுப்பில் "உங்க பேரென்ன, இது எந்த ஊரு?" என்று கேட்டால், எண்பது வயதுக்காரருக்கு முகம் சுண்டிப்போகும். "சில கேள்வி சுலபமா இருக்கும், சிலது கஷ்டமா இருக்கும், எல்லாரையும் இதையேதான் கேக்குறோம் ஐயா" என்று ஒரு வார்த்தை முன்னால் சொல்லிவிட்டால் போதும். அவர் சொல்லாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள்.

பரிசோதகரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது: எத்தனை வருடம் படித்தார், வீட்டில் பேசும் மொழி எது, தேதியை எந்தக் கணக்கில் வைத்திருப்பவர். அம்மாவைத் தேதி கேட்டபோது, "ஆடி அமாவாசை போய் நாலு நாள் ஆச்சு" என்றார். கணக்குச் சரி. பரிசோதகர் ஆங்கில மாதம் எதிர்பார்த்துச் சுழியம் போட்டார். வீட்டில் தெலுங்கோ சௌராஷ்டிரமோ உருதுவோ பேசுகிறவரைத் தமிழ்த் தாளில் சோதித்தாலும் இதே கதிதான்.

அப்புறம், வாயை மூடிக்கொண்டு உட்காருங்கள். நம் குடும்பங்களுக்கு இது பெரும்பாடு. பெரியவர் யோசிக்கும் முன்பே "வியாழக்கிழமைப்பா!" என்று சொல்லிவிடுவோம். உதட்டை அசைத்துக் காட்டாதீர்கள், கண்ணால் ஜாடை செய்யாதீர்கள். கேள்வி கேட்டதும் பெரியவர் உங்கள் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறாரா என்பதைக்கூட டாக்டர் குறித்துக்கொள்கிறார். அதுவும் ஓர் அறிகுறி. மாமா ஒவ்வொரு கேள்விக்கும் அத்தை பக்கம் திரும்பி, "இதெல்லாம் அவ டிபார்ட்மென்ட்" என்று சிரிப்பார். நாங்களும் சேர்ந்து சிரித்தோம்.

உங்கள் நோட்டைப் பெரியவர் முன்னால் படித்து மானத்தை வாங்காதீர்கள். நர்சிடம் முன்பே கொடுத்துவிடலாம், அல்லது அவர் வெளியே போனதும் தனியாகப் பேசலாம்.

ஐந்தாம் படி: மார்க் வந்ததும்

மொத்த மார்க்கைக் கேட்டுவிட்டு எழுந்துவிடாதீர்கள். எந்த இடத்தில் மார்க் போனது என்று கேளுங்கள்.

மாமா இழந்தது மூன்றே மார்க். ஆனால் மூன்றும் அந்த மூன்று சொற்கள். ஐந்து நிமிடம் முன்னால் அப்படி மூன்று சொல்லைத் தந்ததே அவர் நினைவில் இல்லை. மற்றதையெல்லாம் முப்பத்தைந்து வருட ஆசிரியர் வேலை தூக்கி நிறுத்திவிட்டது. அம்மா இழந்தது பதினொன்று: ஏழு ஏழாகக் கழித்தலில் 5, படிக்க 1, எழுத 1, வரைய 1, தேதி மாதம் வருடத்துக்கு 3. அந்த மூன்று சொற்களை மட்டும் டக்கென்று சொன்னார். மூன்று மாதம் கழித்து இட்லி சாப்பிட்டுவிட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, வேறொரு மருத்துவரிடம் போனோம். தமிழ் மாதத்தையும் தேதியையும் அவர் ஏற்றுக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படித்தார், ஐங்கோணமும் கோலம் போடுகிற கையால் வந்துவிட்டது. 23. "மீதி ஏழு மார்க்கும் பள்ளிக்கூடத்துக் கணக்கு, நோய்க் கணக்கு இல்லை" என்றார் அந்த டாக்டர்.

மார்க் குறைவாக வந்து, உங்கள் நோட்டும் அதோடு ஒத்துப்போனால் அடுத்து ரத்தப் பரிசோதனைகள்: வைட்டமின் பி12, தைராய்டு, சோடியம், சர்க்கரை, சிறுநீரகம், கல்லீரல். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் போடுகிறவர்களுக்கு பி12 குறைவது சகஜம். பி12 குறைவும் தைராய்டு குறைவும் மறதியைக் கொண்டுவரும், இரண்டுக்கும் மருந்து உண்டு. அப்புறம் தலை ஸ்கேன். சில வாரம் முன்னால் குளியலறையில் வழுக்கித் தலையில் லேசாக இடித்துக்கொண்டது யாருக்கும் நினைவில் இருக்காது, உள்ளே மெல்ல ரத்தம் கட்டியிருக்கும். கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை இரண்டும் அறுவைச் சிகிச்சையால் தேறக்கூடியவை.

மனச்சோர்வையும் விடாமல் பார்க்கச் சொல்லுங்கள். துணையை இழந்தவர், எந்தக் கேள்விக்கும் முயற்சி செய்யாமல் "தெரியல, தெரியல" என்கிறவர் என்றால் முக்கியமாக. முதியோர் மனச்சோர்வுக்கென்றே 15 கேள்விப் பட்டியல் உண்டு. எல்லாம் ஆமாம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகள்தான்.

"லேசான அறிவாற்றல் குறைவு" என்று சீட்டில் எழுதினால், அது டிமென்ஷியாவுக்கு முந்தைய படி, ஆனால் எல்லாரும் அடுத்த படிக்குப் போவதில்லை. சிலர் வருடக்கணக்கில் அங்கேயே நிற்பார்கள், சிலர் பழைய நிலைக்குத் திரும்புவதும் உண்டு. ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மறுபடி சோதிப்பார்கள்.

மார்க் நன்றாக வந்து, நோட்டு மட்டும் நிறைந்திருந்தால்? எங்களுக்கு நடந்தது அதுதான். 27ஐக் கேட்டதும் நோட்டை மூடிப் பையில் வைத்துவிட்டேன். அங்கேயே நின்று, "இன்னும் விவரமான பரிசோதனை வேண்டும்" என்று கேட்டிருக்க வேண்டும். நரம்பு உளவியல் பரிசோதனை என்று ஒன்று இருக்கிறது, ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதில்தான் மாமாவின் நிலை பிடிபட்டது. அந்த ஒன்றரை வருடத்தில் அவர் யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தார்.

நோய் உறுதியானால் மருந்து பற்றி டாக்டர் சொல்வார். வீட்டார் உடனே செய்ய வேண்டியது பணக் காகிதங்கள். அவருக்குத் தெளிவு இருக்கும்போதே, அவர் விருப்பப்படி, பாங்க் கணக்கில் இன்னொரு பெயர், நாமினி, உயில். வண்டி ஓட்டுகிறவரானால் அதையும் டாக்டரிடமே கேளுங்கள். அப்பா நம் பேச்சைக் கேட்கமாட்டார், டாக்டர் பேச்சைக் கேட்பார்.

கடைசியாக, அறையை விட்டு வரும் முன் அந்தத் தாளின் நகலைக் கேட்டு வாங்குங்கள், வரைந்த கடிகாரத்தோடு சேர்த்து. பின்பக்கத்தில் தேதி, எந்தத் தாள், எந்த மொழியில் கேட்டார்கள், கண்ணாடி போட்டிருந்தாரா, சாப்பிட்டிருந்தாரா என்று எழுதி ஃபைலில் வையுங்கள். அடுத்த முறையும் அதே வகைத் தாளில் சோதிக்கச் சொல்லுங்கள். மோக்காவில் சொற்கள் மாற்றிய மாற்றுத் தாள்கள் உண்டு, அதில் ஒன்று கிடைத்தால் இன்னும் நல்லது. எங்கள் ஃபைலில் மாமாவின் கடிகாரங்கள் மூன்று இருக்கின்றன. டாக்டர் ஒவ்வொரு முறையும் மார்க்கைப் பார்ப்பதற்கு முன் அந்த மூன்றையும் மேஜையில் வரிசையாக வைத்துக்கொள்கிறார்.